வெளுத்துப்போன வெள்ளைச் சேலை

முன்னைய ஆண்டின் காலபோக அரிவுவெட்டின்போது, முரசுமோட்டையில் எங்கள் வயல் வரம்பிலே நின்ற என் அன்னையாரை மருமகன் படம் எடுத்தான். நேரம் நண்பகல், அன்னையார் உடுத்திருந்ததோ வெள்ளைச் சேலை. வெயில் கடுமையாக இருக்கிறதே என்றேன். “பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாம், மாமா” என்று கூறிவிட்டான்.

2009ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீட்டு அல்பங்கள் யாவும் தொலைந்தமையால், அன்னையாரின் படமென்று எங்களிடம் எஞ்சியவை மிகச் சில. அவர் காலமானபின், அந்தியேட்டிக் கல்வெட்டின் முகப்பில் இடுவதற்கு இப்படத்தையே தெரிந்தோம். சேலை வெறும் வெள்ளைக் காகிதமாயிருந்தது. ஒரு பக்கக் கன்னமும் அப்படியே. ஒளியைக் குறைத்துப் பார்த்தான். வெள்ளை சாம்பலாயிற்றேயன்றி, ஒரு மடிப்பேனும் தோன்றவில்லை.

நேயர்களே, கொத்து நிறைந்தபின் வழிந்துபோகும் அரிசி கணக்கில் சேராதல்லவா? கமராவின் உணரியும் அத்தகையதே. நிறைந்தபின் வந்த ஒளி பதிவாவதில்லை. பதிவாகாததைக் கணினி எங்கிருந்து எடுத்துத் தரும்? படச்சுருள் காலத்தில் நிழலுக்கு அளந்து எடுத்தவர்கள், இலக்கக் கமராவில் வெளிச்சத்துக்கு அளந்து பழகவேண்டும்.

பின்னர் திருத்தும் எண்ணமிருப்பின், முதலில் ‘றோ’ என்னும் பக்குவப்படுத்தாத கோப்பைத் தெரிவு செய்க. ‘ஜேபெக்’ கோப்பு ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளையே வைத்திருக்கும். 14 பிற் ‘றோ’வில் 16,384 படிகள் உள. வெண்மைச் சமநிலையும் ‘றோ’வில் வெறும் குறிப்பாகவே இருப்பதால், அதனைப் பிற்பாடு மாற்றுவதில் நட்டமில்லை. கோப்பு பெரிதாகும் என்பது உண்மைதான். மாலையிலேயே அனுப்பவேண்டிய பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்களுக்கு ‘ஜேபெக்’கே போதும், எல்லாவற்றுக்கும் ‘றோ’ என்று பிடிவாதம் பிடிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் மருமகனை ‘றோ’ மட்டும் காப்பாற்றியிராது. அளவு மீறிய இடங்களை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை பல கமராக்களில் உண்டு. வெள்ளை ஆடை மினுங்கினால், மினுக்கம் நிற்கும்வரை ஒளியளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். அந்த எச்சரிக்கை கமரா தானே பக்குவப்படுத்திய படத்தைக் கொண்டே கணிக்கப்படுவதால், ‘றோ’வில் இன்னும் சற்று மிச்சம் இருப்பதுமுண்டு. அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலோ, நிழலைத் தூக்கும்போது மணல் தூவியதுபோற் புள்ளிகள் கிளம்பும். குவியம் தவறியதும் கை அசைந்ததும் எந்த மென்பொருளாலும் செவ்வனே தீராதவை.

சென்ற சிறுபோகத்தில் அதே வரம்பில் என் சின்னம்மாவை எடுத்தான். கமராத் திரையில் படம் இருண்டிருந்தது. தன்னைக் கறுப்பாக்கிவிட்டானென்று சின்னம்மா குறைபட்டுக்கொண்டார். அன்றிரவு கணினியில் முகத்துக்கு ஒளி கூட்டினான். சேலையின் மடிப்புகள் எல்லாம் இருந்தன. கரையிலே தையல் விட்ட இடங்கூடத் தெரிந்தது.