முப்பது மதிப்பெண்ணில் ஒளிந்திருக்கும் தீண்டாமை

முனைவர் பட்ட ஆய்வு என்று பேச்செடுத்தாலே ‘தகுதி’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வரலாறு, சமூகவியல், இலக்கியம் போன்ற துறைகளில் அந்தத் தகுதியை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம்.

தனித்தனி நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக நெட் மதிப்பெண்ணைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று 2024 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது. நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30. ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு நேர்முகம் மட்டுமே. மொழிப் பாடங்களைத் தவிர மற்ற பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். லக்னோவில் இந்தி வழியில் வரலாறு படித்தவர் தன் மொழியில் தேர்வெழுதுகிறார். செங்கல்பட்டில் தமிழ் வழியில் வரலாறு படித்தவர் அந்நிய மொழியில் எழுதுகிறார். பிறகு இரண்டு பேரையும் ஒரே தரவரிசையில் வைத்து ‘தகுதி’ என்கிறார்கள்.

“ஆங்கிலம் தெரியாமல் எப்படி ஆய்வு செய்வது?” என்பார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அரசாணையும் ஆங்கிலத்தில்தான். அந்த நிலத்தை மீட்கும் காரணை போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீசு துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். காரணையிலிருந்து ஒருவர் அந்த வரலாற்றை ஆராய வந்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அகராதியோடு உட்கார்ந்து அந்தக் கோப்புகளைப் படிப்பார். சேர்ந்த பிறகு படிக்க வேண்டிய பாடப்பகுதி என்று குறைந்தது 12 கிரெடிட் இருக்கிறதே, மொழிப் பயிற்சியை அங்கே கொடுங்கள். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடையைத் தட்டும் வேகத்துக்கும் ஒரு கோப்பை ஆழ்ந்து படிக்கும் உழைப்புக்கும் என்ன தொடர்பு? ஒரு வாக்கியம்கூட எழுதச் சொல்லாத தேர்வு, எழுத்தையே தொழிலாகக் கொள்ளப்போகிறவரை எப்படி அளக்கும்?

தேர்வு யாருக்கும் பொது என்ற வாதத்தை இதே மண்ணைச் சேர்ந்த ஒருவர் 130 ஆண்டுகளுக்கு முன்பே உடைத்தார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்தான் அவர். ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கேட்டபோது, 1893இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி அதை எதிர்த்து மனு அனுப்பினார். தேர்வு எழுதும் நிலையில் இருப்பது யார், ஜெயித்து அதிகாரத்தில் உட்காரப்போவது யார், அவருக்குக் கீழே வாழப்போவது யார் என்பதே அவருடைய கவலை. இன்றைக்கு நாம் கேட்பதும் அதையேதான்.

அடுத்த கதவு நேர்முகம். 2016 விதிகளில் எழுத்துத் தேர்வை வெறும் வடிகட்டியாக்கி, சேர்க்கை முழுவதையும் நேர்முகத்தின் கையில் கொடுத்தது யுஜிசி. ஜேஎன்யூவில் நேர்முக மதிப்பெண்களை ஆராய்ந்த அப்துல் நஃபே குழுவோ, 30 மதிப்பெண்ணை 15ஆகக் குறைக்கச் சொல்லியிருந்தது. சேலத்திலிருந்து அங்கே போன முத்துகிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதினார். மாணவர்கள் போராடிய பிறகே, 2018இல் 70:30 என்று திருத்தினார்கள்.

நான் போன ஒரு நேர்முகத்தில் முதல் கேள்வி, “அப்பா என்ன பண்றார்?” இரண்டாவது, “செங்கல்பட்டில் எந்தப் பக்கம்?” ஆய்வுத் தலைப்புக்கு வந்தபோது பாதி நேரம் முடிந்திருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். பெயரில் கிடைக்காததை இப்போது ஊரையும் தெருவையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது கதவு நெறியாளர். நெறியாளர் ஒதுக்கீட்டைத் தனிப்பட்ட ஆசிரியரிடமோ மாணவரிடமோ விடக் கூடாது என்று 2009 யுஜிசி விதியிலேயே இருந்தது. நடைமுறையில், ஒப்புதல் கடிதத்துக்காகப் பேராசிரியர் வீட்டு வாசலில் காத்திருக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இங்கேதான் காணாமல் போகிறது. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, அதாவது 100 இடத்தில் ஒன்று. ஆண்டுக்கு 5 பேரைச் சேர்க்கும் ஒரு துறை தன்னைத் தனி அலகாகக் கணக்கிட்டால் அந்த ஒரு முறை வர 20 ஆண்டுகள் ஆகும். நெறியாளரையே அலகாக்கினால் வரவே வராது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 பேருக்குத்தான் நெறியாளராக இருக்க முடியும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இருளரைப் பற்றி ஆய்வு செய்ய ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இருளர் ஆய்வு செய்ய வந்தால் இடம் இல்லை!

இத்தனையும் தாண்டி உள்ளே போனால் காசு. ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய். கிடைக்காத ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்குத் தமிழ்நாடு அரசு தருவது ஆண்டுக்கு 1 லட்சம், மாதக் கணக்கில் 8,333 ரூபாய். அந்தப் பணத்தில் விடுதிக் கட்டணம் கட்டி, வீட்டுக்கும் அனுப்பி, ஆவணக் காப்பகத்துக்கும் போய்வர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டு ஆய்வேடு எழுதுகிறவருக்குத்தான் “ஆர்வம் போதவில்லை” என்று முத்திரை குத்துகிறார்கள்.

“மனிதவியல் துறைகளில் சிந்தனையை நேரில் பேசித்தானே அறிய முடியும்?” என்று சில முற்போக்குப் பேராசிரியர்களே கேட்கிறார்கள். சிந்தனையை அறிய ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுத விடுங்கள். பெயரை மறைத்து, வெளியிலிருந்து இரண்டு பேரிடம் கொடுத்துத் திருத்துங்கள். முகத்தைப் பார்த்தால்தான் அறிவு தெரியும் என்பவருக்கு அறிவைத் தவிர வேறு ஏதோ தெரிய வேண்டியிருக்கிறது.

நமது கோரிக்கைகள் எளியவை. எல்லாப் பாடங்களுக்கும் தமிழில் வினாத்தாள் வேண்டும். நேர்முகத்துக்கு 15 மதிப்பெண்ணுக்கு மேல் கூடாது, அதுவும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு இடஒதுக்கீட்டுச் சுழற்சியைக் கணக்கிட வேண்டும். நெறியாளரைத் துறைதான் ஒதுக்க வேண்டும். மாநில உதவித்தொகையை ஜேஆர்எஃப் அளவுக்கு உயர்த்தி மாதாமாதம் தர வேண்டும்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த வாரமே தங்கள் துறைக்கு ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள் எந்தெந்தப் பிரிவினர், எழுத்துத் தேர்வில் எவ்வளவு, நேர்முகத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தந்தால் பொதுவில் வையுங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பையும் பொதுவில் வையுங்கள்.