'ஒண்டுமில்லை' எண்ட வருத்தத்துக்கு ஒரு ஊசி

பயத்தையும் கவலையையும் சொல்ல வெளிக்கிட்டால் எங்கட ஆக்கள் நெஞ்சை விட வயித்தைத்தான் கனக்கத் தொடுவினம். வயித்தில புளியைக் கரைக்குது. வயித்தைக் கலக்குது. வயிறு பத்தி எரியுது. ஈரக்குலை நடுங்கிப்போச்சு. பரீட்சை முடிவு வாற நாள் காலமை, லீசிங் காசு கட்டத் தவறின மாதம் போன் அடிக்கேக்க, முதல்ல விளங்கிக்கொள்ளுறது வயிறுதான். இவ்வளவு சொல் வைச்சிருக்கிற சனம், அதே வயித்துநோவோட டொக்டரிட்டப் போனால் 'கஸ்ரிக்' எண்ட ஒரேயொரு சொல்லோடயும் ஒரு கார்ட் ஒமெப்ரசோலோடயும் திரும்பி வருகுது.

இந்த இடைவெளிக்குள்ளதான் அக்குபங்சர் வந்து நிக்குது. என்ர கருத்தை முதலே சொல்லிவிடுறன். மன அழுத்தத்தால வாற வயித்துநோவுக்கு அக்குபங்சர் ஓரளவுக்கு உதவுது. ஆனால் அது ஏன் உதவுது எண்டு ஊசி குத்துறவை சொல்லுற காரணத்தை விட, ஆய்வுகளில தெரியவாற காரணம் எங்கட ஆஸ்பத்திரிகளைப் பற்றித்தான் கூடப் பேசுது.

என்ர மச்சாள் ஒராள் கொழும்பில கணக்காய்வு வேலை செய்யிறா. மார்ச் மாதம் வந்தால் அவவுக்கு மேல்வயிறு பிடிச்சு இழுக்கும், இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். இரண்டு வருசமா அரசாங்க ஆஸ்பத்திரி, பிறகு தனியார் ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை, ஸ்கான், கடைசியா எண்டொஸ்கோப்பி. எல்லாம் கிளியர். "ஒண்டுமில்லை தங்கச்சி, டென்ஷனைக் குறையுங்கோ." அவ எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுறன்: "ஒண்டுமில்லையெண்டு கேட்டது நிம்மதிதான். ஆனா நோகுதே. அப்ப நான் பொய் சொல்லுறனா?" பிறகு ஒரு அக்குபங்சர்காரரிட்டப் போனவ. அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தவராம், இரண்டு கையிலயும் நாடி பிடிச்சவராம், எத்தினை மணிக்கு நித்திரை, கனவு வாறதோ, மலம் எப்பிடி, கோவம் வந்தால் வெளியில சொல்லுறனீங்களோ விழுங்குறனீங்களோ எண்டு கேட்டவராம். அந்தக் கடைசிக் கேள்வியில தனக்கு அழுகை வந்திட்டுது எண்டு சொன்னா. அப்ப ஒரு ஊசியும் குத்துப்பட்டிருக்கேல்ல.

இது இலங்கைக்குப் புதுசான சங்கதி இல்லை. களுபோவில ஆஸ்பத்திரியில அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் நடத்தி, வெளிநாட்டுக்காரர் எல்லாம் வந்து படிச்சிட்டுப் போன காலம் ஒண்டு இருந்தது. உலகத்துக்கு இந்த வைத்தியத்தைப் பிரபலமாக்கினதும் ஒரு வயித்துநோவுதான். 1971 ஜூலையில நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பெய்ஜிங்கில நிண்டபோது அவருக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அக்குபங்சரால மயக்கித்தான் வெட்டினவை எண்டு இண்டைக்கும் கனபேர் சொல்லினம். பிழை. வழமையான விறைப்பு மருந்து குடுத்துத்தான் வெட்டினவை. அடுத்த நாள் ராத்திரி வயிறு ஊதி அவர் அவதிப்பட்டபோதுதான் வலது முழங்கையிலயும் முழங்கால்களுக்குக் கீழயும் ஊசி ஏத்தி, வயித்துக்கு மேல மூலிகைச் சூடு காட்டினவை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள இலேசாகிப்போச்சு எண்டு அவர் எழுதினார். ஊசியின்ர நோவு குறைஞ்சது வயித்தில இருந்து கவனத்தைத் திருப்பினது எண்டு பகிடியாயும் எழுதினார். அந்தப் பகிடியை ஞாபகம் வைச்சிருங்கோ.

சீன வைத்தியம் இந்த நோவை எப்பிடி விளங்கிக்கொள்ளுது? ஐந்து மூலகங்களில ஈரல் மரம், இரைப்பையும் மண்ணீரலும் மண். கோவமும் அடக்கிவைச்ச மனக்குறையும் ஈரலின்ர 'சி' ஓட்டத்தை முடக்கும். முடங்கின மரம் மண்ணில பாயும். அதால நோவு, ஏப்பம், ஊதல். கூட யோசிக்கிறது நேரடியா மண்ணீரலைப் பாதிக்கும் எண்டும் சொல்லினம். எங்களுக்கு இது அந்நியமே இல்லை. ஈரக்குலை நடுங்குற சனம் நாங்கள். சித்த வைத்தியத்தின்ர எண்வகைத் தேர்விலயும் நாடி இருக்கு, நாக்கு இருக்கு, மலம் இருக்கு. கைதடியில ஒரு சித்த வைத்தியரும் இதே கேள்விகளில பாதியைக் கேப்பார். 'வாய்வு' எண்டு அம்மம்மா சொன்னதும் இதுக்குப் பக்கத்து வீடுதான்.

ஆனா நல்ல உவமை வேற, உடற்கூறு வேற. 'சி' ஓடுற பாதை எண்டு உடம்பை வெட்டிப் பாத்து ஒருத்தரும் எடுத்துக் காட்டேல்ல. 'ஐயாயிரம் வருசப் பழமை' எண்டு போஸ்டரில போடுறதும் முழுக்கச் சரியில்லை. 1822இல சீனச் சக்கரவர்த்தியே அரண்மனை வைத்தியக் கழகத்தில அக்குபங்சரை நிறுத்தினவர். இண்டைக்கு உலகம் முழுக்கப் படிப்பிக்கிற ஒழுங்கான பாடத்திட்டத்தின்ர பெரும்பகுதி 1950களில மாவோ அரசாங்கம் கல்லூரி துவங்கி ஒழுங்குபடுத்தினது. பழசு எண்டதால நல்லது எண்டு வாதாடினால் அட்டை விட்டு இரத்தம் எடுக்கிறதும் நல்லதுதான்.

மற்றப் பக்கம் மேற்கத்தைய வைத்தியமும் இப்ப 'ஒண்டுமில்லை' எண்டு சொல்லுறதை விட்டிட்டுது, எங்கட ஓபிடிக்குத்தான் செய்தி வந்து சேரேல்ல. 2016இல ரோம் IV எண்ட சர்வதேச வரையறை, இந்த வகை நோவுகளை 'குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பாடல் கோளாறு' எண்டு பேர் மாத்தினது. குடலுக்கெண்டே கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் இருக்கு. வேகஸ் நரம்பு வழியா மூளையோட ஓயாமல் கதைக்குது. அழுத்தம் கூடினால் அந்தக் கதையில சத்தம் கூடும். சாதாரணமா உணராத ஊதலும் அசைவும் நோவாத் தெரியும். படத்தில ஒண்டும் தெரியாது, ஏனெண்டால் புண் இல்லை. நோவு மட்டும் உண்மை. என்ர மச்சாள் பொய் சொல்லேல்ல.

சரி, ஊசி வேலை செய்யுதா? சாப்பிட்ட உடன வயிறு நிறைஞ்சு அந்தரப்படுற ஆக்கள் 278 பேரை வைச்சுச் சீன ஆஸ்பத்திரிகளில செய்த ஆய்வு ஒண்டு 2020இல வெளிவந்தது. நாலு கிழமையில 12 தரம் ஊசி. உண்மையான புள்ளிகளில குத்தினவையில 83 வீதம் பேர் முன்னேற்றம் சொன்னவை. புள்ளி இல்லாத இடத்தில மேலோட்டமாக் குத்தினவையில 52 வீதம். வித்தியாசம் இருக்கு, சிகிச்சை முடிஞ்சு மூண்டு மாதம் வரைக்கும் நிண்டிருக்கு. ஆனா குத்தினவருக்கு எது நிசம் எது போலி எண்டு தெரியும், அதை மறக்கக்கூடாது. பெருங்குடல் வகை நோவுக்கு 2012இல கொக்ரேன் குழு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பாத்தபோது, போலி ஊசியை விட நிச ஊசி மேல் எண்டு காட்ட முடியேல்ல. ஆக, இரைப்பைப் பக்கம் கொஞ்சம் நம்பிக்கை, குடல் பக்கம் சந்தேகம். அதோட, போலி ஊசியில பாதிப்பேர் சுகம் சொன்னதை இரண்டாந்தரம் வாசியுங்கோ.

அதை அமெரிக்காவில பொஸ்ரனில தனியா எடுத்து ஆராய்ஞ்சவை. தானே சீன வைத்தியம் படிச்ச ரெட் கப்சக் எண்டவரின்ர குழு, 2008. எரிச்சற்குடல் நோவுள்ள 262 பேரை மூண்டாப் பிரிச்சவை. ஒரு பகுதிக்கு ஒண்டும் இல்லை, காத்திருக்கச் சொன்னவை. இரண்டாம் பகுதிக்கு தோலுக்குள்ள போகாத போலி ஊசி, வைத்தியர் ஐஞ்சு நிமிசம்கூடக் கதைக்கிறேல்ல. மூண்டாம் பகுதிக்கும் அதே போலி ஊசிதான், ஆனா முதல் நாள் முக்கால் மணித்தியாலம் இருத்திக் கதைச்சவை. வருத்தம் உங்கட வாழ்க்கையை என்ன செய்யுது எண்டு கேட்டவை. நாடி பிடிச்சுக்கொண்டு இருபது செக்கன் பேசாமல் யோசிச்சுக்கொண்டு இருக்கவேணும் எண்டுகூடச் சொல்லிக் குடுத்திருந்தவை. மூண்டு கிழமையில போதுமான சுகம் சொன்னவை முறையே 28, 44, 62 வீதம்.

எனக்கு அந்த இருபது செக்கன்தான் விசயம். 44இல இருந்து 62க்குக் கொண்டுபோனது ஊசி இல்லை, கேள்வி கேட்டு வாய் திறக்கவிட்ட நேரம். இதைச் சொன்னால் அக்குபங்சர்காரருக்கும் கோவம் வரும், டொக்டருக்கும் கோவம் வரும். ஒருத்தருக்குத் தன்ர புள்ளிகள் பெருசு, மற்றவருக்கு வரிசையில இன்னும் நூறு பேர் நிக்கினம். அந்த நூறு பேர் அவரின்ர பிழை இல்லை எண்டது எனக்கும் தெரியும். ஆனா இரண்டு நிமிசத்தில 'டென்ஷன்' எண்டு சொல்லி அனுப்புறதை அறிவியல் எண்டும், ஒரு மணித்தியாலம் இருந்து கேக்கிறதை மூடநம்பிக்கை எண்டும் வகை பிரிக்க எனக்கு மனம் வரேல்ல.

அதுக்காக நேர ஊசிக்காரரிட்ட ஓடிப்போகவும் சொல்லமாட்டன். பல தசாப்தமா 'யோசிச்சு யோசிச்சுத்தான் அல்சர் வந்தது' எண்டு உலகமே நம்பியிருந்தது. பரி மார்ஷல், ரொபின் வொரன் எண்ட இரண்டு அவுஸ்திரேலியர் வந்து கனவற்றுக்குக் காரணம் ஒரு பக்ரீரியா எண்டு காட்டினவை. ஒருத்தரும் நம்பாததால மார்ஷல் 1984இல அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவைச்சவர். 2005இல நோபல் கிடைச்சது. அந்தக் கிருமிக்கு அன்ரிபயோட்டிக் இருக்கு, முழங்காலில குத்தி அதைக் கலைக்க ஏலாது. அடிக்கடி நோவுக்குப் போடுற டைக்லோபெனாக்கும் இரைப்பையைப் புண்ணாக்கும், அதையும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. உடம்பு காரணமில்லாமல் மெலியுது, மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போகுது, விழுங்க ஏலாமல் இருக்கு, சத்தியில இரத்தம் தெரியுது எண்டால், அந்த நேரத்தில ஈரல் மரம் மண் எல்லாம் கதைக்கக்கூடாது. முதல்ல எண்டொஸ்கோப்பி. மச்சாள் போன ஒழுங்கு சரி: எல்லாம் பாத்து 'கிளியர்' எண்ட பிறகுதான் ஊசி.

மருந்துப் பொடிகளில எனக்கு இன்னும் கூடப் பயம். சீன மூலிகைக்குச் சான்று இல்லையெண்டு இல்லை. 1998இல சிட்னியில 116 பேரோட நடந்த ஆய்வில எரிச்சற்குடலுக்கு மூலிகை, வெறும் குளிசையை விட நல்லா வேலை செய்தது. ஆளுக்காள் பாத்துக் கலந்து குடுத்தவைக்கு மட்டும் மருந்து நிப்பாட்டி 14 கிழமைக்குப் பிறகும் சுகம் நிண்டது. இங்கயும் இருந்து பாத்த நேரம் வேலை செய்திருக்கும் போல. ஆனா 1990களின்ர துவக்கத்தில பெல்ஜியத்தில மெலியிறதுக்கெண்டு குடுத்த சீன மூலிகைக் குளிசையில ஒரு வேருக்குப் பதிலா வேறொரு வேர் மாறிப்போச்சு. நூறுக்கும் மேல பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஊசி பிழைச்சால் பெரும்பாலும் ஒரு கண்டல், கொஞ்சக் காசு. பொடி பிழைச்சால் டயாலிசிஸ். என்ன வேர், எவ்வளவு எண்டு எழுதாத பக்கற்றை, பேஸ்புக்கில ஆயிரம் பேர் லைக் போட்டிருந்தாலும் வாயில வைக்காதேங்கோ.

இன்னொரு கணக்கும் இருக்கு. அந்த ஆய்வில ஊசி கிழமைக்கு மூண்டு தரம், நாலு கிழமை. கடையில நிக்கிற பெட்டைக்கும் காமென்ற்ஸில இருக்கிற பெட்டைக்கும் நாலு கிழமைக்குப் பன்னிரண்டு தரம் வெளியில போக ஆர் லீவு குடுப்பினம்? மச்சாளும் ஐஞ்சாவது தரத்தோட நிப்பாட்டினவ. நோவு குறைஞ்சிருந்தது, மார்ச்சும் முடிஞ்சிருந்தது, இரண்டில எது வேலை செய்தது எண்டு அவவுக்கும் தெரியாது. அடுத்த மார்ச்சுக்கு முதல் கந்தோரில ஒராளைக் கூட எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறா.