உருகுவதற்கென்றே பிறந்த கம்பி

வீட்டில் விளக்குத் திடீரென்று அணைந்தால், "ப்யூஸ் போய்விட்டது" என்கிறோம். புத்தி சற்று மந்தமான மனிதரைக் கண்டால், "ப்யூஸ் போன பல்பு" என்று பரிகாசம் செய்கிறோம். மின்சாரக் கட்டணத்தைக் கட்டத் தவறிய குடித்தனக்காரர் முதலில் அஞ்சுவது, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்பதற்குத்தான். இவ்வாறாக, ப்யூஸ் என்னும் சொல் நம்முடைய பேச்சில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆயினும் அது எப்போதும் பழிச்சொல்லாகவே வழங்கி வருவது பெரிய அநியாயம் என்பது நமது அபிப்பிராயம். ஊரைக் காக்க உயிர் கொடுத்த வீரனுக்கு நடுகல் நட்டு வணங்கிய நாடு இது. அந்த நாட்டில், தன் உயிரைக் கொடுத்து வீட்டையும் வண்டியையும் காப்பாற்றுகிற ஒரு சிறு கம்பியை, "சனியன், நேரம் பார்த்துப் போயிற்றே!" என்று வைவது நியாயமாகுமா?

ஆகவே, இந்த வாரம் மோட்டார் வண்டியின் ப்யூஸைப் பற்றிச் சிறிது விசாரிக்கலாம் என்று உத்தேசித்தோம். ஒரு காலத்தில் மோட்டார் என்பது ஜமீன்தார்களுக்கும் பெரிய வக்கீல்களுக்குமே உரிய பொருளாயிருந்தது. அதைக் கவனித்துக்கொள்ள டிரைவர் ஒருவரும் உடன் இருந்தார். இன்றோ, மத்தியதரக் குடும்பத்தாரும் மாதத் தவணையில் ஒரு சிறிய காரை வாங்கித் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

முதலில் பௌதிக சாஸ்திரத்தில் ஒரு சிறு பாடம். வகுப்பிலே மாணவர்களுக்கு நாம் சொல்வதையே இங்கும் சொல்கிறோம். கம்பியின் வழியே மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறுகிறது. இந்தச் சூடு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதை, இங்கிலாந்து தேசத்தவரான ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் என்பவர் ஆராய்ந்து 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாயும் மின்சாரம் இரண்டு பங்கானால் சூடு இரண்டு பங்காவதில்லை, நான்கு பங்காகிறது. மூன்று பங்கானால் சூடு ஒன்பது பங்காகிறது. வாசகர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இக்கட்டுரையில் மற்றவை யாவும் அதிலிருந்து தாமே பிறக்கும்.

சூடு எங்கேயோ ஓரிடத்தில் கம்பியை உருக்கத்தான் போகிறது என்றால், அது உருகும் இடத்தை நாமே நிர்ணயம் செய்துவிட்டால் என்ன? இதுதான் ப்யூஸின் தத்துவம். மின்விளக்கை ஊருக்கெல்லாம் கொண்டுசெல்ல முற்பட்ட தாமஸ் ஆல்வா எடிசன், ப்யூஸ் அமைப்பு ஒன்றுக்கு 1890-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேட்டன்ட் உரிமை பெற்றார். நம் நாட்டுக் குடியானவர்களுக்கு இந்தத் தத்துவம் புதியதன்று. ஏரி கட்டிய நம் முன்னோர்கள் கரையோடு கலங்கலையும் சேர்த்தே கட்டினார்கள். வெள்ளம் மிகுந்தால் நீர் கலங்கலின் வழியே வெளியேறும், கரை பிழைக்கும், கீழே உள்ள ஊரும் பிழைக்கும். இன்னும் நாலு மூட்டை நெல் விளையட்டுமே என்று பேராசை கொண்டு, ஒருவர் கலங்கலின்மேல் மண்மூட்டைகளை அடுக்கி உயர்த்தினால் என்ன ஆகும்? சில நாள் ஏரி நிறைந்து பார்ப்பதற்கு அழகாயிருக்கும். பிறகு ஒரு நள்ளிரவில் கரை உடையும். 15 ஆம்பியர் ப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் ப்யூஸைச் செருகுகிறவர் செய்வதும் இதே காரியந்தான்.

மோட்டாரில் உள்ள மின்சாரம் 12 வோல்ட் அளவினதே. "கையால் தொட்டாலும் உறைக்காதே, இதில் என்ன அபாயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு மின்சாரத்தில் பெரிய பயம் உடம்பில் அதிர்ச்சி தாக்குவது. மோட்டார் மின்சாரத்தில் பெரிய பயம் தீ. வண்டியைக் கிளப்பும் அந்த ஒரு கணத்தில் ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை வழங்கும் வல்லமை அந்தச் சாதுவான பாட்டரிக்கு உண்டு. மேலும், வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று இரண்டு வைப்பதில்லை. போவதற்கு மட்டும் ஒயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே பாதை. ஆகையால், எந்த ஒயரின் மேலுறையாவது தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு வண்டியின் உடலைத் தொட்டால், அந்தக் கணமே ஷார்ட் சர்க்யூட். பாட்டரியின் வலிமை முழுவதும் அந்த ஒயரில் பாயும். அப்போது ப்யூஸ் என்ற காவலன் இருந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் உருகிப் பாதையை அறுத்துவிடும். இல்லாவிட்டால் உருகுவது ஒயர், எரிவது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் மெத்தையும், பிறகு பெட்ரோல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 55 வாட் பல்புகள் இரண்டு கொண்ட ஹெட்லைட்டுகளுக்கு 110 வாட். 12-ஆல் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். இந்த ஒயருக்கு 15 ஆம்பியர் ப்யூஸ் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர், எதிரே வருபவர் கண் கூசவேண்டும் என்ற வீராவேசத்தினாலோ என்னவோ, 100 வாட் பல்புகள் இரண்டை வாங்கி மாட்டுகிறார். இப்போது 200 வாட். ஏறக்குறைய 17 ஆம்பியர். ப்யூஸ் தாங்காமல் போய்விடுகிறது. "ப்யூஸ் மட்டமானது" என்று முடிவு செய்து 30 ஆம்பியர் ப்யூஸை மாட்டுகிறார். விளக்குப் பிரகாசமாக எரிகிறது, நண்பர்களும் மெச்சுகிறார்கள். ஆனால் முன்பு ஒயரில் ஏறிய சூட்டைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தவர் யார்? ஸ்விட்சும் ஒயரின் இணைப்புகளும் நாளுக்குநாள் கருகி வருகின்றன. ப்யூஸ் பேசிய பேச்சை அவர் கேட்கவில்லை. அதன் வாயைத்தான் அடைத்தார்.

இதினும் கொடியது, வெள்ளிக் காகிதம். சிகரெட்டுப் பெட்டியின் உள்ளே இருக்கும் பளபளப்பான காகிதத்தை, போன ப்யூஸின்மேல் சுற்றிச் செருகிவிடும் வழக்கத்தைச் சாலையோரங்களில் காணலாம். நமக்குத் தெரிந்த உத்தியோகஸ்தர் ஒருவர், குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டுவிட்டுக் குடும்பத்துடன் இரவில் திரும்புகையில், ஹாரன் வேலை செய்யாமற் போயிற்று. வழியில் கண்ட ஒரு புண்ணியவான் இவ்விதமாகக் காகிதம் சுற்றிக் கொடுத்தார், கூலியும் வேண்டாமென்றார். மூன்று மாதம் ஹாரன் நன்றாகவே முழங்கியது. பிறகு ஒரு நாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, பின் ஆசனத்திலிருந்த குழந்தை, "அம்மா, ரப்பர் எரிகிற வாசனை வருகிறது" என்றது. அதற்குள் டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை கிளம்பிவிட்டது. நல்ல வேளையாக வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். பின்னால் பிரித்துப் பார்த்தபோது, ஹாரன் ஒயர் ஒரு தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோலுரிந்திருந்தது. அதோடு சேர்ந்து கட்டப்பட்டிருந்த ஒயர்களெல்லாம் முழ நீளத்துக்கு உருகி ஒட்டிப்போயிருந்தன. ப்யூஸ் செய்யவேண்டிய வேலையை அன்று அக்குழந்தையின் மூக்குச் செய்தது. எல்லா வண்டியிலும் அப்படி ஒரு மூக்கு இருக்கும் என்று நாம் நம்பியிருக்க முடியாதன்றோ?

நிற்க, ப்யூஸை மாற்றும் முறையைச் சொல்வோம். இதற்குப் பெரிய வித்தை ஏதும் வேண்டாம். ப்யூஸ் பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்டின் கீழே ஒன்றும், பானெட்டுக்குள் ஒன்றுமாக இருக்கும். எந்த ப்யூஸ் எதற்கு உரியது என்ற படம் மூடியின் உட்புறத்திலோ, வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி வைத்த ப்யூஸ்கள் இருந்தன. இப்போது பரவலாக இருப்பவை, அமெரிக்காவில் லிட்டில்ப்யூஸ் கம்பெனியார் 1976-ஆம் ஆண்டில் உருவாக்கிய தினுசைச் சேர்ந்த, இரண்டு கால் முளைத்த பிளாஸ்டிக் ப்யூஸ்கள். இவற்றின் நிறமே இவற்றின் அளவு. இளம்பழுப்பு 5 ஆம்பியர், பழுப்பு ஏழரை, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. எழுத்தறியாத குழந்தைகூட, நீலத்தை எடுத்த இடத்தில் நீலத்தையே வைக்கவேண்டும் என்பதை அறிந்துகொள்ளும்.

முதலில் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துச் சாவியை எடுத்துவிடவேண்டும். பெட்டிக்குள் வைத்திருக்கும் சிறு பிளாஸ்டிக் இடுக்கியால் ப்யூஸை நேராக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். நடுக்கம்பி அறுந்திருந்தால், அதே ஆம்பியர் அளவுள்ள புதிய ப்யூஸைப் பொருத்தவேண்டும். புதியதும் உடனே போய்விட்டால், மூன்றாவதை மாட்டக்கூடாது. அதைவிடப் பெரியதை மாட்டவே கூடாது. எங்கேயோ ஒயர் பழுதாகியிருக்கிறது என்று ப்யூஸ் இருமுறை சொல்லிவிட்டது; இனி எலெக்ட்ரீஷியனிடம் போவதே முறை. ஒயரை எலி கடித்திருக்கலாம். மழைக்காலத்தில் கதகதப்பை நாடி எஞ்சினுக்குள் குடியேறும் எலிகள் நம் ஊர்களில் ஏராளம். தண்ணீர் புகுந்திருக்கலாம். ரேடியோ, அலங்கார விளக்கு என்று பின்னால் சேர்த்த சாமான்களை யாராவது அரைகுறையாக இணைத்திருக்கலாம். அவரவர் வண்டிக்குரிய அளவுகளில் இரண்டிரண்டு ப்யூஸ்களை எப்போதும் வண்டியில் வைத்திருப்பது உத்தமம். அவை மிகவும் சொற்ப விலைக்குக் கிடைப்பவை. அவை இல்லாதபோதுதான் வெள்ளிக் காகிதத்தின் ஞாபகம் வருகிறது.

ப்யூஸ் தவிர, வண்டியைத் தாமே கவனித்துக்கொள்ள விரும்புவோர் அறியவேண்டியவை இன்னும் சில உண்டு; அவற்றைச் சுருக்கமாகவே சொல்லி முடிக்கிறோம்.

பாட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ் முனையைக் கழற்றவேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டவேண்டும். முறை மாறினால், பாஸிடிவ் முனையைத் திருகும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெரும் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அதன் அருகில் தீக்குச்சி கூடாது. எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. அடக்கி வைத்த கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையக்கூடாது. சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொடவேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக்கூடாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; ஆளைக் கொல்லும் குணம் மட்டும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் நேர்ந்ததுபோன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், நீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்பலாகாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அழுத்தத்துக்கு இணங்காமல் உள்ளிருக்கும் கம்பிகளை வளைத்துவிடும். மின்சாரத்தால் ஓடும் புது வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது 12 வோல்ட் அன்று, நூற்றுக்கணக்கான வோல்ட்.

இவ்வளவுக்கும் மீறிப் புகை கிளம்பினால், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் மனிதர்களை இறக்கி வெகுதூரம் அனுப்பவேண்டும். சாமான்களை எடுக்கத் திரும்பக்கூடாது. பானெட்டுக்குள் தீ தெரிந்தால் அதை விரியத் திறப்பது தீக்கு விசிறி போடுவதாகும். தீயணைப்புப் படைக்கு 101 அல்லது 112 என்ற எண்ணில் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். வண்டி போனால் இன்னொரு வண்டி வரும்.

ஆயுத பூஜையன்று நாம் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கருவியை மதிக்கும் நல்ல வழக்கம் அது, அதை விட்டுவிடவேண்டியதில்லை. அன்றைய தினம் இன்னொரு காரியத்தையும் சேர்த்துச் செய்யலாம். ப்யூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒவ்வொரு இடத்திலும் படத்தில் குறித்த அளவே இருக்கிறதா, எதிலாவது வெள்ளிக் காகிதமோ கம்பித் துண்டோ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நிறங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலையை வீட்டுக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்த பூஜைவரை அந்த வண்டியில் பிரயாணம் செய்யப்போகிறவர்கள் அவர்கள்தாமே.