டின் பால் தர்மம்!

எங்காவது பூகம்பம், வெள்ளம் என்றால் போதும். கடைவீதியில் உண்டியல் குலுங்கும். ஆபீசில் ஒரு நாள் சம்பளம் போகும். துணி, போர்வை, ரொட்டி என்று லாரி நிரம்பும். கூடவே பெட்டி பெட்டியாகக் குழந்தைப் பால் பவுடர்! "பச்சைப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று நல்ல மனசோடுதான் வாங்கி அனுப்புகிறார்கள்.

அந்த டின்தான் பிள்ளைக்கு எமனாக வருகிறது.

2006-ம் ஆண்டு மே 27. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பகுதியில் பூமி குலுங்கியது. 5,700 பேருக்கு மேல் மாண்டார்கள். நிவாரணப் பொருள் குவிந்தது. பால் பவுடரும் குவிந்தது. எந்தத் தாய் பால் கொடுக்கிறாள், எவளுக்கு இல்லை என்று கேட்பாரில்லை. வந்ததை வீட்டுக்கு வீடு கொடுத்துத் தீர்த்தார்கள்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் போய்க் கணக்கெடுத்தார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இலவசப் பவுடர் கிடைத்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் 100-க்கு 11, 12 பேருக்குத்தான். பாதிக்குப் பாதி வித்தியாசம்!

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பவுடரைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறு இடிந்து கிடக்கிறது. கொதிக்க வைக்க விறகு வேண்டும். அடுப்பே மண்ணுக்குள். புட்டியையும் ரப்பரையும் கழுவுவது எதில்? அதே அழுக்குத் தண்ணீரில்தான். இதோடு போகவில்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும். நாலு வாரம் டின் பால் கொடுத்தால் மார்பு வற்றும். அப்புறம் டின்னும் தீரும். லாரி மறுபடி வருமா?

"பயத்துல பால் நின்னு போச்சு" என்று கிழவிகள் சொல்வதுண்டு. அதிர்ச்சியில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும்; அவ்வளவுதான். அடிக்கடி மார்பில் போட்டால் சரியாகிவிடும். அரைப் பட்டினித் தாய்க்கும் பால் சுரக்கிறது. அவளுக்குச் சோறு போட்டால் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டதாகிறது. அவளுக்குக் கூடாரத்தில் வேண்டியது ஒரு படுதா மறைவு, ஒரு குடம் குடிதண்ணீர், ஆறுதலாகப் பேச ஒரு நர்ஸ். இந்த மூன்றையும் லாரியில் யார் ஏற்றுகிறார்கள்?

தாயை இழந்த பிள்ளைக்கு என்ன வழி? அதற்குப் பவுடர் வேண்டும்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை யார், எங்கே என்று தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். தேவை தீரும் வரை தவறாமல் கொடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீரும் அடுப்பும் கூடவே வேண்டும். புட்டி வேண்டாம், பாலாடையோ டம்ளரோ போதும், கழுவச் சுலபம். இது வைத்தியம் தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை. கூட்டத்தில் வீசி எறிகிற வேலையல்ல.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்தது. அநாதை ஆசிரமம் தவிர யாருக்கும் குழந்தைப் பால் பவுடரையோ புட்டியையோ இலவசமாகக் கொடுக்கக் கூடாது. நிவாரணம் திரட்டும் சங்கங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்த புயலுக்கு உண்டியல் எடுக்குமுன், வசூல் நோட்டீசில் 'பால் பவுடர்' என்று அச்சடித்திருக்கும் வரியை அடித்துவிட்டு, 'தாய்மார்களுக்கு அரிசி, பருப்பு' என்று எழுதட்டும். முகாம் பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளும் டின் லாரி வந்தால் வாசலிலேயே நிறுத்தி, சரக்கை ஆஸ்பத்திரிப் பொறுப்பில் ஒப்படைக்கட்டும்.