கடற்காற்றும் காரும்

திருமலைத் துறைமுகப் பக்கம் வாழும் நமக்குக் கடற்காற்று சுகம்; காருக்கோ கறள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் போய்வந்தாலும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அது ஈரத்தை இழுத்து வைப்பதால், பெயின்ட் கீறிய இடம் சீக்கிரம் கறள் பிடிக்கும்.

காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். நிழலில் நிறுத்தி, முதலில் வெறுந்தண்ணீர் ஊற்றுங்கள். கார் ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொன்று. மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மட்காட்டின் உட்புறத்தையும் மறவாதீர்கள். உடுப்புக் கழுவும் தூள் மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும். நன்றாக அலசி, மென்துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பைப்பை மட்டும் திறந்து விடாதீர்கள். இரு கை அள்ளும் அளவான ஒரு 'முத்' நீரில் வுழூச் செய்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். வாகனமும் அமானிதம், தண்ணீரும் அமானிதம்.