குதிரைப் பணமும் மாத்திரைப் பணமும்

ஆவுடையார்கோவில் என்றதும் குதிரைக் கதை நினைவுக்கு வராதவர்கள் குறைவு. குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய கஜானாப் பணத்தை, அமைச்சரான மாணிக்கவாசகர் இந்தத் திருப்பெருந்துறையில் கோயில் எழுப்பச் செலவிட்டுவிட்டார் என்கிறது தலபுராணம். ‘குதிரைகள் எங்கே?’ என்று மன்னன் கேட்டபோது, நரிகள் பரிகளாக வேண்டியிருந்தது.

அரசுப் பணம் செலவாகும் இடத்தில் இன்றைக்கும் இந்தக் கேள்வி உண்டு. பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். மருத்துவமனை கட்டினால் திறப்பு விழா நடத்தலாம். மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்துக்கு என்ன கணக்கு? அதன் பலன் உடனே தெரியாது. பல வருஷம் கழித்து, எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் தெரியும்.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் இன்று ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால், அரசு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். சாதாரண வகைக் காசநோய் என்றால் ஆறு மாதச் சிகிச்சை. பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். பிள்ளைகளைப் பிரிய வேண்டியதில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒருகாலத்தில் இந்த நோய் வந்தால், ஊருக்கு வெளியே இருக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, இதுதான் வைத்தியம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், நோயாளிகள் எத்தனையோ லட்சம். படுக்கைகளோ கொஞ்சம். இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்தன. எல்லாம் பொதுப் பணம்.

அங்கே 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு நெரிசலான சொந்த வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் குறைவு.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை திசைமாறியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா? அந்தக் கேள்விக்கும் ஆராய்ச்சிதான் பதில் சொன்னது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் முடிவு வந்தது. மருந்து நோயைக் குணமாக்கும். நிறைந்த தட்டு, அடுத்தவருக்கு வராமல் தடுக்கும். நோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் கொடுத்துவந்த 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயானது.

தமிழ்நாடு அரசு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துடன் சேர்ந்து, 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. புதிய நோயாளி எழுந்து நிற்க முடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, உடம்பு ரொம்ப மெலிந்துவிட்டதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு... இவ்வளவுதான் பரிசோதனை. ஆபத்தில் இருப்பவரை இதை வைத்தே கண்டுபிடித்து, உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எந்தச் சின்ன சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால், எதைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வேண்டியிருந்தது.

புதுக்கோட்டைக்கு 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்குமுன் பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ ஓட வேண்டும். கல்லூரி என்றால் கட்டிலும் டாக்டரும் மட்டுமல்ல. ஆவுடையார்கோவிலில் இருந்தும் மணமேல்குடியில் இருந்தும் வருகிற நோயாளி எந்தக் கட்டத்தில் வருகிறார், ஏன் தாமதமாக வருகிறார், ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார் என்பதை எழுதி வைத்து ஆராய்கிற இடமாகவும் அது இருக்க வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆள் வேண்டும், வருஷா வருஷம் பணம் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டுவதற்குக் கை போகிற இடமும் பெரும்பாலும் இதுதான்.

ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாததற்கும் மரியாதை செய்யத் தெரிந்த ஊர் அது. ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தையும் அப்படிப் பார்க்கலாம்.

மறந்துவிடக்கூடாத விஷயம் ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், பக்கத்து அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரையும் இலவசம். அந்த மாத்திரைக்கான கணக்கை 1959-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பாதியில் நிறுத்தாமல் சாப்பிட்டு முடிப்பதுதான் நம் பங்கு.