பொண்ணுக்கு ஆயிரம் கேள்வி... பையனுக்கு ‘சாப்பிட்டியா’ மட்டும்!

சென்னை: செல்போன் பறிப்பு, பைக் திருட்டு, வெட்டுக்குத்து... எந்த வழக்காக இருந்தாலும் ‘சிறார்கள் சிக்கினர்’ என்று போலீசார் சொன்னால், சிக்கியது பையன்கள்தான் என்று கேட்காமலே புரிந்து விடுகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப வருஷ கணக்குகளில், பிடிபட்ட சிறார்களில் 100க்கு 95 பேருக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் வளர்ந்த பிள்ளைங்கதான் இப்படி ஆகும் என்று நினைப்போம். அதுவும் தப்பு. பெரும்பாலானோர் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள்!

அப்போ வீட்ல என்னதான் நடக்குது? டியூஷன் முடிந்து பொண்ணு 10 நிமிஷம் லேட்டானால் அம்மா தெருமுனைக்கே வந்து நிற்பார். பையன் ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் ‘சாப்பிட்டியா’ என்பதோடு சரி. எங்கே போனான், யாரோட பைக் அது என்ற கேள்வியே கிடையாது.

கனடாவில் ஜான் ஹேகன் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைச் சொன்னார். மகளுக்குப் போடும் கடிவாளத்தை மகனுக்குப் போடாத வீடுகளில்தான், குற்றத்தில் ஆண்-பெண் வித்தியாசம் அதிகம் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் டிராவிஸ் ஹிர்ஷி 1969-ல் எழுதியது இன்னொன்று. பெற்றோர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. தப்பு செய்யப் போகிற நேரத்தில் ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பார்’ என்று பையனுக்குத் தோன்ற வேண்டும். மகன் சிக்கிய பிறகு ஸ்டேஷன் வாசலில் வைத்து அறைகிற அப்பாக்களால் அதைக் கொண்டு வர முடியாது.

சட்டமே ஒரு காலத்தில் பிரித்துத்தான் பார்த்தது. 1986-ம் வருஷ சட்டப்படி பையனுக்கு 16 வயசு வரை, பொண்ணுக்கு 18 வரை ‘சிறார்’. 2000-ல் வந்த சட்டம்தான் இருவருக்கும் 18 ஆக்கியது.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கு. 17 வயசுப் பையனும் பொண்ணும் காதலித்து ஓடிப் போனால், பொண்ணு வீட்டார் புகார் கொடுப்பார்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் வழக்கு பாயும். பையன் இளைஞர் நீதிக் குழுமம் முன் நிற்பான். பொண்ணு ‘பாதிக்கப்பட்டவர்’ ஆகிவிடுவார். கட்டுப்பாடு பொண்ணு மேல, வழக்கு பையன் மேல! காதல் விவகாரங்களில் அவசரப்பட்டு கைது செய்ய வேண்டாம் என்று தமிழக டி.ஜி.பி. 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது இதனால்தான்.